வலப்பக்கம் ஓடும் பந்தை வலப்பக்கமே அடி

"மேடம், பந்து வலப்பக்கம் ஓடுதுன்னா நீங்க இன்னும் வலப்பக்கமா அடிக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்தோடு நான் நான்கு மாதம் மல்லுக்கட்டினேன். பெங்களூரில், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு கோல்ஃப் ரேஞ்சில், சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு இதை முதல்முறை கேட்டேன். நின்று அடிக்கும் பச்சை விரிப்பு, அதாவது மேட், பனியில் நனைந்திருந்தது. பக்கெட்டில் ஐம்பது பந்துகள். கையில் செவன் அயர்ன் என்ற இரும்புத் தலை கிளப், அதாவது பந்தை அடிக்கும் மட்டை. நான் அடிக்கிற ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் இடப்பக்கமாகக் கிளம்பி, பாதி வழியில் யாரோ கயிறு கட்டி இழுத்தது போல வலப்பக்கம் வளைந்து வேலியோரம் போய் விழும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வருவது இதுதான். பந்து வலப்பக்கம் போனால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? இடப்பக்கம் திரும்பி நின்று அடிப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். பந்து இன்னும் மோசமாக வளைந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோச் அப்போதுதான் மேலே சொன்னதைச் சொன்னார்.

சொல்லிவிட்டு பக்கத்து மேட்டுக்குப் போய்விட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். தவறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே போ என்று சொல்கிறவரை எப்படி நம்புவது?

நான் கோல்ஃபுக்கு வந்தது மகனால். பள்ளி விடுமுறையில் அவனுக்காகப் பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பணம் கட்டினோம். மூன்று வகுப்பு முடிந்ததும் கால்பந்துதான் வேண்டும் என்றான். மீதி ஒன்பதை நான் எடுத்துக்கொண்டேன். கோச் ஐம்பதைத் தாண்டியவர். பதினான்கு வயதில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் கிளப் பையைச் சுமக்கும் உதவியாளாகப் போய், பையைத் தூக்கிக்கொண்டே விளையாட்டைக் கற்றுக்கொண்டவர். பெங்களூரில் அப்படி வந்தவர்கள் நிறையப் பேர். கேடியாக இருந்த முனியப்பா 2009ல் இந்தியன் ஓப்பனை வென்றதை எங்கள் கோச் நேற்று நடந்தது போலச் சொல்வார். அவர் பேசுவது அல்சூர்ப் பக்கத்துத் தமிழ், நடுநடுவே கன்னடம் வந்து போகும். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

என் வேலை அளவெடுப்பது. பீனியாவில் இயந்திர பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மைக்ரோமீட்டர், கேஜ், காலிபரேஷன் சான்றிதழ், இவைதான் என் நாள். முதல் வகுப்பு முடிந்த அன்று மாலையே ஒரு பந்தை எடுத்து வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். 42.7 மில்லிமீட்டர். விதிப்படி விட்டம் 42.67க்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. இவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்ட ஒரு பொருளை எப்படி அடிப்பது என்பதை இவ்வளவு குழப்பமாகச் சொல்கிறார்களே என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

குழப்பம் அந்த ஒரு வாக்கியத்தோடு நிற்கவில்லை. "கிரிப் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்றார். நான் இறுக்கிப் பிடித்தேன். இரண்டு வாரத்தில் இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்து உடைந்து, சாதம் பிசைந்தாலே எரிந்தது. பிறகுதான் தெரிந்தது, கோல்ஃபில் ஸ்ட்ராங் என்றால் அழுத்தம் கிடையாது. இரண்டு கைகளையும் கிளப்பின் மேல் வலப்பக்கமாகச் சற்றுத் திருப்பி வைப்பது. அப்படிப் பிடித்தால் அடிக்கும் கணத்தில் கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பகுதி, இடப்பக்கம் திரும்பி மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எவ்வளவு தளர்வாகவும் ஸ்ட்ராங் கிரிப் பிடிக்கலாம். அவர் சொன்னதில் தவறில்லை. முப்பது வருடமாக அந்தச் சொல்லோடு வாழ்கிறவருக்கு, புதிதாக வருகிற காதில் அது வேறு மாதிரி விழும் என்பது தோன்றவே இல்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. கொப்புளத்தைக் காட்டியபோது அவர் முகம் வாடியதும் உண்மை. அடுத்த வாரத்திலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் ஸ்ட்ராங் என்று சொல்லாமல், இடது கையின் மூன்று விரல் முட்டிகள் தெரிகிற மாதிரி பிடிங்க என்று சொல்ல ஆரம்பித்தார். இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மோசமாகித்தான் நல்லாகும்

வலப்பக்கம் அடி என்ற அறிவுரையை மூன்று வாரம் முயன்றேன். பந்து முன்னைவிட மோசமாகப் போனது. சில பந்துகள் தரையோடு உருண்டன. சிலவற்றில் கிளப் மேட்டை அறைந்து முழங்கை வரை அதிர்ந்தது. கேட்டால், "மொதல்ல மோசமாகும் மேடம், அப்புறம்தான் நல்லாகும்" என்றார்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது இந்த வாக்கியம்தான். நல்லானால் அறிவுரை சரி. மோசமானாலும் அறிவுரை சரி. அப்படியென்றால் அது தவறு என்று தெரிந்துகொள்ள வழியே இல்லையே? எங்கள் தொழிற்சாலையில் எந்தப் பாகத்தை வைத்தாலும் பாஸ் என்று காட்டுகிற கேஜ் வந்தால், முதல் வேலையாக அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம்.

அக்கா வீட்டுக்காரர் சென்னையில் பல வருடமாக விளையாடுகிறவர். அவரிடம் புலம்பினேன். "நிக் ஃபால்டோ கதை தெரியாதாம்மா உனக்கு?" என்றார். ஏற்கெனவே பெயர் பெற்ற ஆட்டக்காரராக இருந்த ஃபால்டோ, 1980களின் நடுவில் டேவிட் லெட்பெட்டர் என்ற பயிற்சியாளரிடம் போய்த் தன் ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் முறையை, அடியோடு பிரித்துப் போட்டார். ஏறக்குறைய இரண்டு வருடம் சரியாக ஆடவில்லை. ஊர் பேசியது. 1987ல் மியூர்ஃபீல்டில் கடைசி நாள் பதினெட்டு குழியிலும் பார், அதாவது அந்தந்தக் குழிக்கு வகுத்த அதே எண்ணிக்கையில், அடித்து பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். மாமா இதைச் சொன்னபோது மனம் கொஞ்சம் தெம்பானது.

ஆனால் அதே ஓப்பனை 1991ல் ராயல் பர்க்டேலில் வென்ற ஆஸ்திரேலியர் இயன் பேக்கர்-ஃபிஞ்சின் கதையும் இருக்கிறது. வென்ற பிறகு பந்தை இன்னும் தூரம் அடிக்க வேண்டும் என்று ஸ்விங்கை மாற்றத் தொடங்கினார். ஆட்டம் மெல்ல மெல்ல அவர் கையை விட்டுப் போனது. 1997ல் ராயல் ட்ரூனில் அடிகள் குறையக் குறைய நல்லது என்கிற இந்த ஆட்டத்தில், முதல் சுற்றை முடிக்க 92 அடி எடுத்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகினார். உழைப்பில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நடுவழியில் நிற்கிறவருக்கு ஃபால்டோவின் வழியும் பேக்கர்-ஃபிஞ்சின் வழியும் ஒரே மாதிரிதானே தெரியும்? "மொதல்ல மோசமாகும்" என்பது இரண்டு பேருக்கும் பொருந்தியது. அப்புறம் வருவதுதான் ஒருவருக்கு வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை.

அந்த வாரம் வகுப்புக்குப் போனதும் கோச்சிடம் நேராகவே கேட்டேன். "சார், எத்தனை நாள் மோசமாகும்? எது நல்லாச்சுன்னா நல்லாகுதுன்னு அர்த்தம்?" யோசித்தார். "பந்து விழற இடத்தைப் பாக்காதீங்க. எவ்வளவு வளையுதுன்னு மட்டும் பாருங்க. இன்னும் நாலு வாரத்துல வளைவு பாதியாகலைன்னா வேற பண்ணலாம்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. தேதியும் அளவும் இருக்கிற அறிவுரையைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

ரேடார் சொன்னது

காத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்க முடியவில்லை. ரேடார் கருவி வைத்திருக்கும் உள்ளரங்கு ஒன்றில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தேன். டென்மார்க்கில் 2003ல் தொடங்கிய டிராக்மேன் நிறுவனம் பரவலாக்கிய தொழில்நுட்பம் இது. கிளப் எந்தத் திசையில் வருகிறது, அதன் முகம் எங்கே பார்க்கிறது, பந்து எங்கே கிளம்புகிறது என்று எல்லாவற்றையும் டிகிரியில் காட்டும். கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்தக் கணத்தை நம் கண்ணாலோ கையாலோ பிடிக்க முடியாது.

இருபது பந்து அடித்தேன். சராசரியாக, என் கிளப் இலக்குக்கு 8 டிகிரி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. முகம் 2 டிகிரி இடப்பக்கம் பார்த்தது. பந்து கிளம்பியது மூன்றரை டிகிரி இடப்பக்கம். தாளை வாங்கி வைத்துக்கொண்டு பார்க்கப் பார்க்க இரண்டு விஷயம் தெளிவானது.

முதல் விஷயம், கோச் சொன்ன மருந்து சரி. கிளப் போகிற திசைக்கும் முகம் பார்க்கிற திசைக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. என் கிளப் இடப்பக்கம் போகிறது, முகம் அதைவிட 6 டிகிரி வலப்பக்கம் திறந்திருக்கிறது, அதனால் பந்து வலப்பக்கம் வளைகிறது. பந்துக்குப் பயந்து இன்னும் இடப்பக்கம் இழுத்தால் வித்தியாசம் கூடும், வளைவும் கூடும். வலப்பக்கமாக வீசினால்தான் குறையும்.

இரண்டாவது விஷயம், அவர் சொன்ன காரணம் தவறு. "ஸ்விங் போற பக்கம் பந்து கிளம்பும், அப்புறம் முகம் பாக்கற பக்கம் திரும்பும்" என்பதுதான் அவருடைய விளக்கம். அது சரியாக இருந்தால் என் பந்து 8 டிகிரியில் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியது மூன்றரையில், முகத்துக்குப் பக்கத்தில். பந்து கிளம்பும் திசையில் முகத்தின் பங்கு அயர்னில் ஏறக்குறைய 75 சதவீதம், நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் என்ற கிளப்பில் 85 சதவீதம் என்று இப்போது சொல்கிறார்கள். கோச் சொன்ன விளக்கம் அவர் கற்பனை செய்தது கிடையாது. ஒரு தலைமுறை முழுக்கப் பயிற்சியாளர்களும் பெரிய சாம்பியன்களும் அதையே கற்பித்தார்கள். ரேடார் வந்த பிறகுதான் அது பரவலாகக் கைவிடப்பட்டது.

மருந்து சரி, காரணம் தவறு. அப்படியானால் மருத்துவரை நம்புவதா வேண்டாமா? என் பாட்டி வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்து "சூடு வயித்துல ஏறியிருக்கு" என்பார். வயிற்று வலி போய்விடும். சூடு எங்கே ஏறியது என்று நான் கேட்டதே இல்லை. ஆனால் தவறான காரணம் என்றைக்காவது ஒருநாள் தவறான மருந்தில் கொண்டுபோய் விடுமே என்ற கவலையை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஸ்லைஸ் விஷயத்தில் பழைய விளக்கமும் புதிய விளக்கமும் ஒரே மருந்தைச் சொல்கின்றன. இரண்டும் வேறுவேறு மருந்து சொல்கிற இடம் ஒன்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் இவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

தைலமரம்

அந்த இடம் எங்கள் ரேஞ்சிலேயே இருந்தது. இடது ஓரத்தில், அறுபது கெஜத்தில் ஒரு தைலமரம். அதற்கு நேர் பின்னால் நூற்றிருபது கெஜத்தில் ஒரு கொடி. அந்த மேட்டில் நின்றால் மரம் கொடியை மறைக்கும். மரத்தை இடப்பக்கமாகச் சுற்றிப் பந்தை வளைத்துக் கொடியருகே விழச் செய்வது கோச் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டும் வித்தை.

முந்தின நாள் தொழிற்சாலையில் ஒரு சின்ன பட்டன் காந்தத்தில் ஒரு சாண் நீளக் கம்பியைச் செங்குத்தாக ஒட்டி வைத்திருந்தேன். கிளப்பின் முகத்தில் அதை வைத்தால், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். இதைப் பையில் போட்டுக்கொண்டு போகும்போது மனசு அடித்துக்கொண்டது. அவரைச் சோதிக்கிறோம், அவர் வயதுக்கு இது மரியாதையா என்று இருந்தது.

"சார், மரத்தைச் சுத்தி எப்படி அடிக்கணும்?" என்றேன். உற்சாகமாகச் சொன்னார். "காலும் ஸ்விங்கும் மரத்துக்கு இடப்பக்கம். முகம் மட்டும் நேரா கொடியைப் பாக்கணும்." சொல்லிக்கொண்டே அடித்தார். பந்து மரத்துக்கு இடப்பக்கமாகக் கிளம்பி, அழகாக வலப்பக்கம் வளைந்து, கொடிக்குப் பத்தடியில் விழுந்தது.

"இன்னொரு தடவை அதே மாதிரி நில்லுங்க சார், அடிக்க வேண்டாம்" என்றேன். நின்றார். குனிந்து கிளப்பின் முகத்தில் காந்தத்தை வைத்தேன். கம்பி கொடியைக் காட்டவில்லை. மரத்துக்கும் இடப்பக்கமாக, ஓர் ஆள் அகலம் தள்ளிக் காட்டியது.

அவர் கம்பியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். மறுபடி கம்பியைப் பார்த்தார். நிற்கும்போது முகம் இருக்கிற இடமும் அடிக்கிற கணத்தில் இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அவரைச் சங்கடத்திலிருந்து மீட்கலாமா என்று வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கிளப்பைத் திருப்பி, கம்பி சரியாகக் கொடியைக் காட்டும்படி வைத்தார். காந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடித்தார். பந்து நேராக மரத்தின் நடுக்கிளையில் மோதி, இலைகளைக் கொட்டிக்கொண்டு கீழே விழுந்தது. மறுபடி அப்படியே வைத்து அடித்தார். மறுபடி மரம். மூன்றாவது தடவை மரத்தைத் தாண்டிவிட்டது. "இல்ல, இந்தத் தடவை கை தானா மாத்திடுச்சு" என்று அவரே சொன்னார்.

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் மேட்டிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இருபது வருஷமா எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன் மேடம். எனக்கு ஒருத்தர் சொன்னாரு, நானும் சொல்றேன். அடிக்கும்போது இதையெல்லாம் யாரு நெனைக்கிறா" என்றார். குரலில் கோபம் இல்லை. அப்புறம், "அந்தப் பேப்பரைக் காட்டுங்க" என்றார். ரேடார் தாளைப் பற்றி அதுவரை அவரிடம் நான் சொல்லவே இல்லை. பையிலிருந்து பாதி நீட்டிக்கொண்டிருந்ததை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

இருபது வருடம் சொல்லி வந்ததைத் தன் கையாலேயே மூன்று முறை அடித்துப் பார்த்த ஒரு மனிதரை நான் அன்று கண்டேன். அவரை நம்பலாமா என்று நான்கு மாதம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. அவர் விளக்கம் தவறு என்று நிரூபணமான அதே பத்து நிமிடத்தில் அவர்மேல் என் நம்பிக்கை கூடியது. கிரிப் விஷயத்தில் சொல்லை மாற்றிக்கொண்டதும், நாலு வாரம் என்று கெடு சொன்னதும் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தன. தன் பேச்சைவிடப் பந்தைத்தான் அவர் நம்புகிறார்.

எல்லாவற்றையும் நம்பத் தொடங்கிவிட்டேன் என்று இல்லை. "தலையை அசைக்கவே கூடாது" என்பதை நான் ஏற்கவில்லை. முயன்றபோது கழுத்திலிருந்து தோள்பட்டை வரை பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் வண்டி ஓட்டும்போது திரும்பிப் பார்க்க முடியவில்லை. இளம் வயது ஜாக் நிக்லஸின் தலை அசையாமல் இருக்க, பயிற்சியாளர் ஜாக் க்ரவுட்டின் உதவியாளர் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டே அடிக்கச் சொன்ன கதையைக் கோச் சொன்னார். நிக்லஸ் மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்றார், சரி. அவர் அப்போது சின்னப் பையன், எனக்கு நாற்பத்து நான்கு வயது. உடம்பு வலிக்கிற அறிவுரையில் யாருக்கும் நான்கு வாரக் கெடு தர மாட்டேன் என்று சொன்னேன். அவர் வாதாடவில்லை. "அப்ப தலை கூடவே வரட்டும், அடிச்ச அப்புறம் மட்டும் அவசரமா நிமிராதீங்க" என்றார்.

வளைவு பாதியானது நான்காவது வாரத்தில் இல்லை, ஆறாவது வாரத்தில். அதற்குக் காரணம் அந்த வாக்கியம்கூட இல்லை. ஒருநாள் அவர் ஒன்றும் பேசாமல், கிளப்புக்குப் போடும் துணி உறையைப் பந்துக்குச் சற்றுப் பின்னால், எனக்கு எதிர்ப்பக்கமாக வைத்தார். "இதைத் தொடாம அடிங்க" என்றார், அவ்வளவுதான். வெளியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தால் கிளப் உறையில் படும். படாமல் இருக்க உடம்பு தானே உள்ளிருந்து வலப்பக்கமாக வீசக் கற்றுக்கொண்டது. கபிரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 1999ல் கோல்ஃப் பழகுகிறவர்களை வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். கையின் அசைவைக் கவனி என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிளப்பின் அசைவைக் கவனி என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாக அடித்தார்கள். கோச் இந்த ஆய்வைக் கேள்விப்பட்டதில்லை. கிளப் கீழே வர ஆகும் கால் நொடியில் யாராலும் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிக்க முடியாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் ஒன்பது வகுப்புகள் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். போன வாரம் போனபோது பக்கத்து மேட்டில் பத்து வயதுப் பெண்குழந்தை ஒன்று பந்தை வலப்பக்கம் வளைத்துக்கொண்டிருந்தது. கோச் பையிலிருந்து என் காந்தக் கம்பியை எடுத்து அவள் கிளப்பின் முகத்தில் ஒட்டி, "இது எங்க காட்டுது சொல்லு கண்ணு" என்று கேட்டார். தைலமரத்தைச் சுற்றி அடித்த அன்று என்னிடம் மறுபடி வாங்கியதை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேறு ஒன்று ஒட்டிக்கொண்டேன்.